இரவில் அரை மணி நேரம் கிடைப்பவர் எந்த கோடிங் புத்தகம் வாங்கலாம்?

கீழ் வீட்டு அக்கா போன வாரம் மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, வெப் பக்கம் செய்யக் கத்துக்கணும். ஒரே ஒரு புத்தகந்தான் வாங்குவேன். எதை வாங்கட்டும்?"

அக்காவுக்குச் சொந்த ஊர் தர்மபுரி. பிளஸ் டூ வரை தமிழ் வழி, அப்புறம் பி.காம். பெங்களூர் ராமமூர்த்தி நகரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். மகன் விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் இருக்கிறது. சமையல் முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகு இரவில் அரை மணி நேரம் கிடைக்கும். முகூர்த்த மாதம் என்றால் அதுவும் கிடைக்காது. யாருக்கு என்ன அளவு, என்றைக்குக் கொடுக்க வேண்டும், முன்பணம் எவ்வளவு வாங்கினோம் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

"யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்று மேலே வந்துவிட்டேன். ஏனென்றால் இந்தக் கேள்வியை நானே ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேலை ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். கோடிங் என்பது ராத்திரியில் மட்டும். என் அலமாரியில் பதினோரு கோடிங் புத்தகங்கள் இருக்கின்றன. கடைசிப் பக்கம் வரை போனவை மூன்று. மற்ற எட்டையும் மோசம் என்று சொல்ல மாட்டேன். அவற்றில் சில, வேலைக்காகப் படிப்பவருக்கு அருமையானவை. ஆனால் வேலைக்குப் படிப்பவர் தினமும் படிக்கிறார். நாம் ஒரு நாள் படித்துவிட்டுப் பத்து நாள் கழித்துத் திறக்கிறோம். நடுவில் உறவுக்காரர் கல்யாணம் வரும், மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அந்த இடைவெளியைப் புத்தகம் தாங்குகிறதா என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு முதல் கேள்வி என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். எழுத்து எவ்வளவு நன்றாக இருக்கிறது, எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இன்னொரு அளவுகோலும் வைத்திருக்கிறேன். அது தண்ணீர் டேங்கரால் வந்தது. 2024 கோடையில் பெங்களூரில் போர்வெல்கள் வற்றி டேங்கர் விலை கண்டபடி ஏறியபோது, மார்ச் மாதம் மாவட்ட நிர்வாகம் விலையை நிர்ணயித்தது. 5 கிலோமீட்டருக்குள் என்றால் 6000 லிட்டருக்கு 600 ரூபாய், 8000 லிட்டருக்கு 700, 12000 லிட்டருக்கு 1000. 5 முதல் 10 கிலோமீட்டர் வரை என்றால் 750, 850, 1200. எங்கள் கட்டடத்துக் கணக்கு என் கையில் இருந்தது. எத்தனை லிட்டர், எவ்வளவு தூரம் என்று கொடுத்தால் தொகையையும் வீட்டுக்கு வீடு பங்கையும் காட்டும் ஒரு சின்னப் பக்கத்தை அப்போது எழுதினேன். மூன்று அளவு, இரண்டு தூரம், நான்கைந்து 'இஃப்' (இப்படி இருந்தால் இதைச் செய் என்ற நிபந்தனை), ஒரு படிவம், ஒரு அட்டவணை. பொழுதுபோக்காக எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல முதல் வேலை கிடைக்காது. அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும், இந்த டேங்கர் கணக்கு வரைக்கும் இது என்னை எத்தனை இரவில் கொண்டு சேர்க்கும் என்று பார்க்கிறேன். அக்காவின் பிளவுஸ் கணக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

முதலில் பைத்தான் புத்தகங்கள். பைத்தான் ஒரு நிரல்மொழி, அதாவது கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் மொழி. யாரைக் கேட்டாலும் பைத்தானில் ஆரம்பி என்பார்கள். எரிக் மேத்தஸ் எழுதிய பைத்தான் கிராஷ் கோர்ஸ் எனக்குப் பிடித்த புத்தகம். 2023இல் மூன்றாம் பதிப்பு வந்தது. முதல் பாதி மொழியின் அடிப்படை. ஒவ்வொரு விஷயத்தையும் இரண்டு மூன்று பக்கத்தில் சொல்லிவிட்டு, உடனே செய்து பார்க்கச் சின்னச் சின்னப் பயிற்சிகள் கொடுக்கிறார். அரை மணி நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். ஐந்தாவது அதிகாரத்திலேயே 'இஃப்' வந்துவிடும். அதாவது ஐந்தாறு வாரத்தில் டேங்கர் தொகையைக் கணக்கிட்டுவிடலாம்.

ஆனால் அந்தக் கணக்கு வெறும் எழுத்து மட்டும் ஓடும் கறுப்புத் திரையில்தான் வரும். அதை உலாவியில் (பிரவுசரில்) ஒரு பக்கமாகக் காட்ட 18ஆம் அதிகாரம் வரை போக வேண்டும். இதற்குக் காரணம் புத்தகம் இல்லை, பைத்தான் இயங்கும் விதம். உலாவி தானாகப் புரிந்துகொள்ளும் நிரல்மொழி ஜாவாஸ்கிரிப்ட் மட்டும்தான். பைத்தானில் எழுதினால் நடுவில் பக்கத்தை அனுப்பி வைக்க ஒரு சர்வர் வேண்டும், அந்த வேலைக்கு முன்கூட்டியே எழுதி வைத்த ஜாங்கோ போன்ற ஒரு சட்டகம் வேண்டும், அதை எங்காவது ஏற்றி வைக்க வேண்டும். பிளவுஸ் அளவைப் பார்க்க அக்காவுக்கு இவ்வளவு தேவையில்லை. இரண்டாம் பாதியில் வரும் ஏலியன் விளையாட்டு மூன்று அதிகாரத்துக்கு நீள்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போகும். நான் நடுவில் இரண்டு வாரம் விட்டேன். திரும்பி வந்தபோது எந்தக் கோப்பில் எதை மாற்றினேன் என்றே தெரியவில்லை. ஒவ்வொரு அதிகாரத்துக்கும் முழு நிரலும் இணையத்தில் கிடைப்பதால் அதை இறக்கித் தொடர்ந்தேன், ஆனால் நானே கட்டியது என்ற சந்தோஷம் போய்விட்டது.

ஆல் ஸ்வைகார்ட் எழுதிய ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப் வித் பைத்தான் வேறு மாதிரி. இடைவெளியைத் தாங்குவதில் இதற்கு இணை நான் பார்த்ததில்லை. அடிப்படையைத் தாண்டிவிட்டால் பின்பாதி அதிகாரங்கள் பெரும்பாலும் தனித்தனி. எக்செல்லுக்கு ஒன்று, பிடிஎஃபுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று. மூன்று மாதம் கழித்துத் திறந்தாலும் தேவையான அதிகாரத்தை மட்டும் படித்து ஒரு வேலையை முடித்துவிடலாம். பன்னிரண்டு மாத பேங்க் ஸ்டேட்மென்டை ஒரே தாளில் சேர்க்கும் நிரலை இதைப் படித்துத்தான் எழுதினேன். ஆபீசில் நாள் முழுக்க எக்செல்லோடு மல்லுக்கட்டுகிறவர் கேட்டால், வேறு எதையும் பார்க்காமல் இதைச் சொல்வேன். ஆசிரியரே முழுப் புத்தகத்தையும் இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறார். 2025இல் வந்த மூன்றாம் பதிப்பும் அப்படித்தான். ஆனால் இது வெப் பக்கம் செய்யக் கற்றுத்தரும் புத்தகம் இல்லை. அக்கா கேட்டது அதைத்தான்.

சரி, ஜாவாஸ்கிரிப்ட். மரெய்ன் ஹாவர்பெகெ எழுதிய எலக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட் நான் மிகவும் மதிக்கும் புத்தகம். இதன் நான்காம் பதிப்பு 2024இல் வந்தது. இதுவும் இணையத்தில் இலவசம். இணையப் பதிப்பில் ஒரு விசேஷம்: பக்கத்தில் இருக்கும் நிரலை அங்கேயே மாற்றி அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். தாளில் வாங்கினால் அந்த வசதி போய்விடுகிறது. அதனால் இதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், திரையிலேயே படியுங்கள் என்பேன். அலமாரியில் இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அது வேறு விஷயம்.

ஆனால் முதல் புத்தகமாக இது கடினம். நான்காவது அதிகாரத்திலேயே, ராத்திரியில் அணிலாக மாறிவிடும் ஒருவனின் நாட்குறிப்பை வைத்துக்கொண்டு, எந்தச் செயலுக்கும் அந்த மாற்றத்துக்கும் எவ்வளவு தொடர்பு என்று புள்ளியியல் கெழு கணக்கிடச் சொல்லும். எனக்கு அந்த அதிகாரம் மூன்று வாரம் எடுத்தது. புரிந்த அன்றைக்கு எழுந்து பால்கனியில் கொஞ்ச நேரம் நின்றேன், அவ்வளவு சந்தோஷம். ஆனால் கோடிங் என்றால் என்னவென்றே தெரியாமல் வருகிறவர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, தனக்கு இது வராது என்று முடிவு செய்துவிடும் அபாயம் இருக்கிறது. முதல் பன்னிரண்டு அதிகாரமும் மொழி மட்டும். உலாவி வருவது 13ஆம் அதிகாரத்தில். படிவங்களும், தகவலை உலாவியிலேயே சேமித்து வைக்கும் லோக்கல் ஸ்டோரேஜும் 18ஆம் அதிகாரத்தில். அக்காவுக்கு வேண்டியது அந்த 18தான்.

மற்ற ஜாவாஸ்கிரிப்ட் புத்தகங்களைப் பற்றி இரண்டு வரி. அட்டையில் காண்டாமிருகம் போட்ட டெஃபினிடிவ் கைடு 2020இல் வந்த ஏழாம் பதிப்பிலும் 700 பக்கம் வரும். அது அகராதி மாதிரி. அகராதியை முதல் பக்கத்திலிருந்து படித்து யாரும் மொழி கற்பதில்லை. 2008இல் வந்த தி குட் பார்ட்ஸ் மெல்லிய புத்தகம், பெயர் பெற்றது, பழைய கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் 2015இல் ஜாவாஸ்கிரிப்ட் பெரிய மாற்றம் கண்டது. 'லெட்', 'கான்ஸ்ட்', அம்புக்குறிச் செயற்கூறுகள் போன்ற எழுதும் முறைகள் எல்லாம் அப்போது வந்தவை. அதற்கு ஏழு வருடம் முந்தைய புத்தகத்தில் ஆரம்பித்தால், பிறர் எழுதிய இன்றைய நிரலைப் பார்த்தாலே புரியாது.

புத்தகத்தின் வயதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெங்களூரில் நம்மில் பலர் வாங்குவது பழைய புத்தகம்தான். எல்லாப் புத்தகமும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. 1988இல் இரண்டாம் பதிப்பாக வந்த சி மொழிப் புத்தகம், கெர்னிகனும் ரிட்சியும் எழுதியது, இன்றைக்கும் உட்கார்ந்து படிக்கலாம். வெப் புத்தகம் அப்படி இல்லை. ஒரே புத்தகத்துக்குள்ளும் சில அதிகாரங்கள் முதலில் கெடும், சில கடைசி வரை நிற்கும். நான் கவனித்தவரை முதலில் கெடுவது கடைசி அதிகாரம், அதாவது செய்ததை இணையத்தில் ஏற்றும் அதிகாரம். பைத்தான் கிராஷ் கோர்ஸின் இரண்டாம் பதிப்பு, நாம் செய்ததை இணையத்தில் ஓட்டித் தரும் ஹெரோக்கு என்ற சேவையில் ஏற்றக் கற்றுக்கொடுத்தது. 2022 நவம்பரில் ஹெரோக்கு இலவசத் திட்டத்தை நிறுத்திவிட்டது. நிரல் எல்லாம் சரியாக இருக்கும், அங்கே இலவசமாக ஏற்றத்தான் வழி இருக்காது. அடுத்துக் கெடுவது பக்க அமைப்பைப் பற்றிய அதிகாரம். கெடாமல் நிற்பது, பக்கத்தில் எது எது இருக்க வேண்டும் என்று குறிக்கும் எச்டிஎம்எல்லின் அடிப்படை. தலைப்பு, பத்தி, பட்டியல், அட்டவணை, படிவம் ஆகியவை இருபது வருடத்துக்கு முன்பு எழுதியபடியே இன்றும் ஓடும். பழைய பக்கங்கள் உடையக் கூடாது என்பதில் உலாவி செய்கிறவர்கள் அவ்வளவு கவனமாக இருக்கிறார்கள்.

அதனால்தான் ஜான் டக்கெட் எழுதிய எச்டிஎம்எல் அண்ட் சிஎஸ்எஸ் புத்தகத்தை இன்னும் சிபாரிசு செய்கிறேன் (சிஎஸ்எஸ் என்பது பக்கத்தின் நிறம், அமைப்பு ஆகியவற்றைச் சொல்வது). 2011இல் வந்தது. அதைக் கேட்டதுமே விவரம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. உலாவியில் வீடியோ ஓட்ட அப்போது பயன்பட்ட ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் வீடியோ சேர்ப்பது எப்படி என்று ஒரு அதிகாரத்தில் வருகிறது. ஃப்ளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்துபோனது. பக்கத்தை நெடுவரிசைகளாகப் பிரிக்க 'ஃப்ளோட்' என்ற பழைய வழியைச் சொல்கிறது. இன்று அதற்கு ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் என்ற புது வழிகள் இருக்கின்றன. கிரிட் உலாவிகளுக்கு வந்ததே 2017 மார்ச்சில்தான்.

ஆனாலும் இரண்டு காரணம். ஒன்று, விரித்து வைத்த இரண்டு பக்கத்துக்கு ஒரு விஷயம். ஒரு ஓரத்தில் நிரல், பக்கத்தில் அதன் விளைவு, படமாக, நிறத்தோடு. நேற்று படித்தது மறந்திருந்தாலும் இன்றைய இரண்டு பக்கம் புரியும். அரை மணி நேரத்தில் மூன்று நான்கு விரிப்பு முடியும். இரண்டு, அட்டவணை ஆறாவது அதிகாரம், படிவம் ஏழாவது. ஒரு மாதத்துக்குள் அக்காவின் திரையில் வாடிக்கையாளர் பெயர், மார்பளவு, கை நீளம், கொடுக்கும் தேதி என்று பெட்டிகள் வந்து நிற்கும். கணக்கு எதுவும் ஓடாது, சேமிக்கவும் செய்யாது. ஆனால் தானே செய்த ஒன்று உலாவியில் திறந்து நிற்பதைப் பார்த்தவர் அப்புறம் எளிதில் விடமாட்டார்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது, தையல் கிளாஸில் முதல் மாதம் துணியே கொடுக்க மாட்டார்கள், பேப்பர் கட்டிங்தான் என்றார். பேப்பரில் தப்பாக வெட்டினால் நஷ்டமில்லை, கத்தரிக்கோல் பிடிக்கக் கை பழகும். எச்டிஎம்எல் அந்தப் பேப்பர் கட்டிங் மாதிரிதான். ஒரு குறியை (டேக்) மூட மறந்தாலும் உலாவி சிவப்பாகத் திட்டாது, முடிந்தவரை காட்டும்.

தமிழில் எதுவும் இல்லையா என்று அடுத்துக் கேட்டார். இருக்கிறது. 2012இல் இதழாக ஆரம்பித்த கணியம் குழுவினர் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், மைஎஸ்கியூஎல் (தகவல் சேமிக்கும் தரவுத்தள மென்பொருள்), லினக்ஸ் என்று மின்னூல்கள் வெளியிட்டிருக்கிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், யாரும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். பென்னிகானஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடு வரை மெட்ரோவில் போகும்போது போனில் அந்த மைஎஸ்கியூஎல் நூலைத்தான் படித்தேன். ஒரு கருத்து முதல் தடவையில் பிடிபடாதபோது, தாய்மொழியில் ஒரு பத்தி படித்தால் சட்டென்று விளங்கிவிடுகிறது. அக்காவைப் போலத் தமிழ் வழியில் படித்தவருக்கு இது பெரிய துணை. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். நிரலின் சொற்களும் பிழைச் செய்திகளும் ஆங்கிலத்தில்தான் வரும், அவற்றைக் கண் பழகியாக வேண்டும். டக்கெட் புத்தகத்தில் வாக்கியம் குறைவு, படம் அதிகம் என்பதால் ஆங்கிலம் அவ்வளவாகப் பயமுறுத்தாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் அவருக்கு ஏற்ற வழி.

கேட்டால் உடனே நிரல் எழுதிக் கொடுக்கும் ஏஐ இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று ஆபீசில் ஒரு தம்பி கேட்டான். நானும் அதைப் பயன்படுத்துகிறேன், மாட்டிக்கொண்ட இடத்தில் கைகொடுக்கிறது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் அதனால் பிரயோஜனம். லோக்கல் ஸ்டோரேஜில் வைத்த தகவல் அந்த ஒரு உலாவியில்தான் இருக்கும், உலாவியின் தரவைத் துடைத்தால் எல்லாம் போய்விடும் என்பது தெரியாமல் அது கொடுத்த நிரலை அப்படியே வைத்துக்கொண்டால், தீபாவளி நெருக்கத்தில் நாற்பது பேரின் அளவு காணாமல் போகும்.

எங்கே வாங்குவது? நான் போவது சர்ச் தெரு. எம்.ஜி. ரோடு மெட்ரோவிலிருந்து இறங்கி நடக்கிற தூரம். பிளாசம், புக்வார்ம் இரண்டிலும் பழைய கம்ப்யூட்டர் புத்தகங்கள் இருக்கும், நின்று புரட்டிப் பார்க்கலாம். அங்கே நான் செய்யும் சோதனை இதுதான்: புத்தகத்தின் நடுவில் ஏதோ ஒரு அதிகாரத்தைத் திறந்து, அந்தப் பக்கத்து நிரலைத் தனியாகத் தட்டினால் ஓடுமா, இல்லை முந்தைய மூன்று அதிகாரத்துக் கோப்புகள் வேண்டுமா என்று பார்ப்பேன். அப்புறம் பதிப்பு வெளியான வருடம். அவென்யூ ரோட்டில் பொறியியல் பாடப்புத்தகங்கள்தான் அதிகம், வெப் புத்தகம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. இதே டக்கெட் புத்தகத்தை முதலில் ஒரு நடைபாதைக் கடையில் 250 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். எது குறி, எது பண்பு, எது நாம் எழுதும் சொல் என்று நிறத்தால் பிரித்துக் காட்டும் புத்தகம் அது. நிறம் போனால் பாதிப் புத்தகம் போன மாதிரி. எழுதியவருக்கும் காசு போகவில்லை, எனக்கும் பிரயோஜனப்படவில்லை. அசல் பழைய பிரதியையே தேடுங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

அக்காவுக்கு நான் சொன்ன பதில்: காசு கொடுத்து வாங்குவது டக்கெட் ஒன்றுதான், ஏனென்றால் தாளும் நிறமும் தேவைப்படும் புத்தகம் அது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் தமிழ் மின்னூல்கள் இரண்டையும் போனில் இறக்கிக் கொடுத்தாயிற்று. படிவம் திரையில் வந்த பிறகு எலக்வென்ட் ஜாவாஸ்கிரிப்டின் முதல் மூன்று அதிகாரத்தை லேப்டாப்பில் படிக்கலாம். நான்காவதை இப்போதைக்கு விட்டுவிட்டு 18க்குத் தாவலாம். நடுவில் புரியாத இடத்துக்கு நான் இருக்கிறேன். பைத்தான் இப்போது வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தே சர்ச் தெருவுக்குப் போனோம். ஓரம் மட்டும் கொஞ்சம் மடங்கிய அசல் பிரதி ஒன்று கிடைத்தது. மெட்ரோவில் திரும்பும்போது அக்கா புத்தகத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, நான் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். ஃப்ளாஷ் வரும் பக்கங்களில் குறுக்கே ஒரு கோடு. பக்க அமைப்பைச் சொல்லும் 15ஆம் அதிகாரத்தின் முதல் பக்கத்தில், "இதுக்குப் புது வழி வந்துடுச்சு, இங்க வந்ததும் என்னைக் கூப்பிடுங்க." ஏழாவது அதிகாரத்தில் ஒரு நட்சத்திரம்.